பழைய ஆர்கேட் மிஷினை ரிப்பேருக்குக் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

நியூ ஜெர்சி பக்கம் பழைய ஆர்கேட் மிஷின் (காசு போட்டு விளையாடும் வீடியோ கேம் பெட்டி) வைத்திருப்பவர்களும் வாங்க நினைப்பவர்களும் தயவுசெய்து முழுவதும் படியுங்கள். எனக்கு 1,150 டாலர் போனது. பணத்தையாவது சம்பாதித்துக்கொள்ளலாம், கூடவே போன பொருளை எங்கே தேடுவது?

போன மார்ச்சில் ஒரு பண்ணைக் கொட்டகையிலிருந்து மிட்வே கம்பெனியின் மிஸ் பேக்மேன் கேபினெட்டை வாங்கினேன். 1982-இல் வந்த விளையாட்டு. இருபது வருடத்துக்கும் மேலாகத் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்ததாம். அடிப்பலகை ஈரத்தில் ஊதியிருந்தது, காசுப் பெட்டிக்குள் எலி கூடு கட்டியிருந்தது. ஆனால் உள்ளே இருந்த எல்லாமே அசல்.

இந்த மிஷினின் போர்டு, அதாவது விளையாட்டை ஓட்டும் சர்க்யூட் பலகை, எனக்கு அவ்வளவு பிடிக்கும். மாசசூசெட்ஸில் ஜெனரல் கம்ப்யூட்டர் கார்ப்பரேஷன் என்ற சின்ன நிறுவனம், அதற்கு முந்தைய பேக்மேன் விளையாட்டின் போர்டோடு இணைப்பதற்காக ஒரு துணை போர்டைச் செய்தது. அதையே மிட்வே எடுத்து மிஸ் பேக்மேனாக வெளியிட்டது. அதனால் பேக்மேன் போர்டில் இசட்-80 என்ற பிராசசர் சிப் உட்கார வேண்டிய சாக்கெட்டிலிருந்து ஒரு பட்டைக் கேபிள் கிளம்பித் துணை போர்டுக்குப் போகும். என்னுடையதில் அது அப்படியே இருந்தது. திரையும் அப்படித்தான், பழைய டிவியில் இருப்பது போன்ற கண்ணாடிப் பிக்சர் டியூப். வருடக்கணக்கில் ஒரே படம் ஓடியதால், கரண்ட் இல்லாதபோதும் விளையாட்டில் பொம்மை ஓடும் சந்துகள் கண்ணாடிக்குள் சாம்பல் நிறக் கோடுகளாகத் தெரியும். என் மகள் அந்தக் கோடுகளின் மேல் விரலை ஓட்டி விளையாடுவாள்.

ரிப்பேர்காரர் வீட்டுக்கு வந்தார். வந்ததும் பிளக்கை மாட்டிச் சுவிட்சைப் போட்டார். அப்போதே நான் அவரை அனுப்பியிருக்க வேண்டும். இத்தனை வருடம் கிடந்த மிஷினுக்கு யாரும் நேராகக் கரண்ட் கொடுக்க மாட்டார்கள். மின்சாரத்தைத் தேக்கும் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்களுக்குள் இருக்கும் திரவம் காய்ந்திருக்கும், வயரை எலி கடித்திருக்கும். முதலில் போர்டைக் கழற்றி வைத்துவிட்டு, ஃப்யூஸையும் வயர்களையும் பார்த்து, டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து சரியான வோல்டேஜ் வருகிறதா என்று மீட்டரில் அளக்க வேண்டும். இவர் சுவிட்சைப் போட்டதும் ஒரு உறுமல் கேட்டது, ஃப்யூஸ் போனது. "டியூப் செத்துப்போச்சு, ஆனா முழுசா ரெஸ்டோர் பண்ணித் தர்றேன்" என்றார். ரெஸ்டோர் என்றால் பழையபடியே மீட்டுத் தருவது. டியூபின் கழுத்தில் ஹீட்டர் ஆரஞ்சு நிறத்தில் எரிகிறதா என்றுகூட அவர் பார்க்கவில்லை. படம் வரவில்லை என்றால் டியூப் செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. பெரும்பாலும் கோளாறு மானிட்டரின் சர்க்யூட்டில்தான் இருக்கும். 400 டாலர் ரொக்கமாக அட்வான்ஸ் கொடுத்தேன், ரசீது கேட்கவில்லை.

மிஷினை எடுத்துப்போனவர் ஐந்து வாரம் கழித்து ஒரு ராத்திரி கொண்டுவந்து இறக்கினார். விளையாட்டு ஓடியது, வீடே சந்தோஷத்தில் இருந்தது. மீதி 750 டாலரை அங்கேயே போனில் அனுப்பிவிட்டேன்.

மறுநாள் காலை பெருக்குவதற்காக மிஷினைத் தள்ளினேன். ஒரு கையிலேயே நகர்ந்தது. முன்பு இரண்டு பேர் மூச்சுப் பிடித்துத் தள்ளிய மிஷின் அது. சுவிட்சை அணைத்துவிட்டுத் திரையைப் பார்த்தேன். சந்துகள் இல்லை, வெறும் கறுப்பு. போன் செய்தால், "நல்லா துடைச்சுட்டேன் சார்" என்கிறார். அந்தத் தடம் டியூபுக்குள் பாஸ்பர் என்ற ஒளிரும் பூச்சில் எரிந்து பதிந்தது. அதை எந்தத் துணியாலும் துடைக்க முடியாது.

எங்கள் தெருவில் ஒரு அண்ணன் இருக்கிறார், ஊரில் டிவி மெக்கானிக்காக இருந்தவர். அவர்தான் பின்கதவைத் திறந்து டார்ச் அடித்தார். "தம்பி, இது உங்க சாமானே இல்லப்பா" என்றார். 19 இஞ்ச் பிக்சர் டியூப் இருந்த இடத்தில் ஒரு எல்சிடி பேனல். அடியில் இருந்த கனமான டிரான்ஸ்ஃபார்மரைக் காணோம், பதிலுக்கு ஒரு மலிவான பவர் சப்ளை. இரண்டு போர்டும் இருந்த இடத்தில், உள்ளங்கை அளவில் அறுபது விளையாட்டுகள் அடங்கிய ஒரு போர்டு. அதைப் பொருத்துவதற்காகப் பழைய வயரிங்கை இணைப்புக்குப் பக்கத்திலேயே வெட்டி, நுனிகளை இன்சுலேஷன் டேப் சுற்றித் தொங்கவிட்டிருந்தார்.

எல்சிடி போடுவதே தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. தெரிந்து கேட்டு வாங்குபவர்கள் தாராளமாக வாங்கலாம். ரெஸ்டோர் என்று சொல்லிக் காசு வாங்கிக்கொண்டு, உள்ளே இருந்த அசல் சாமானைக் கேட்காமல் கழற்றி எடுப்பதற்குத் திருட்டு என்றுதான் பேர்.

சிறு வழக்கு நீதிமன்றத்துக்குப் போகிறேன் என்று எழுதி அனுப்பிய பிறகுதான் டிரான்ஸ்ஃபார்மரும் பேக்மேன் போர்டும் வாசலில் ஒரு அட்டைப் பெட்டியில் வந்து சேர்ந்தன. துணை போர்டு அதில் இல்லை. டியூபைக் கேட்டால், உடைந்துவிட்டது என்கிறார்.

நீங்கள் கொடுப்பதாக இருந்தால், கொடுக்கும் முன் பின்கதவைத் திறந்து போர்டு, மானிட்டர், டிரான்ஸ்ஃபார்மர் எல்லாவற்றையும் சீரியல் எண் தெரியும்படி படம் எடுங்கள். டியூபை மட்டும் தொடாதீர்கள். கரண்ட்டை நிறுத்திய பிறகும் உயர் வோல்டேஜ் அதில் தங்கியிருக்கும். எதை மாற்றினாலும் முன்கூட்டியே கேட்க வேண்டும், கழற்றிய பழைய பாகம் திரும்ப வர வேண்டும் என்று எழுதி அவரிடம் கையெழுத்து வாங்குங்கள். பகல் வெளிச்சத்தில் பின்கதவைத் திறந்து பார்க்காமல் மீதிப் பணம் கொடுக்காதீர்கள். ரசீதில் "ரெஸ்டோர்" என்று ஒற்றை வார்த்தை போட்டுக் கொடுத்தால் ஏற்காதீர்கள்.

அண்ணன் இப்போது ஞாயிற்றுக்கிழமைதோறும் வருகிறார். வெட்டிய வயர்களை நிறம் பார்த்து ஒவ்வொன்றாகச் சால்டர் செய்கிறோம். 17 முடிந்திருக்கிறது. டியூப் கிடைத்தாலும் அது வேறு ஏதோ மிஷினில் ஓடிய டியூபாகத்தான் இருக்கும். அந்தக் கோடுகள் எங்கே போச்சு என்று மகள் இன்னும் கேட்கிறாள்.