இன்வர்ட்டர் பேட்டரி வாங்கப் போகிறீர்களா? என் 29,000 ரூபாய் போன கதையைப் படித்துவிட்டுப் போங்கள்

மெயின் ரோட்டில் இருக்கும் ஒரு பேட்டரி கடை. பெயர் போடவில்லை, போட்டால் சண்டைக்கு வருவார்கள். வயிற்றெரிச்சலில் எழுதுகிறேன். எப்படிப் பார்த்து வாங்குவது என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

வீட்டில் இருப்பது 24 வோல்ட் இன்வர்ட்டர். இரண்டு 12 வோல்ட் பேட்டரியை சீரியஸில், அதாவது ஒன்றின் பிளஸ்ஸை அடுத்ததன் மைனஸோடு சேர்த்து மாட்ட வேண்டும். புதிதாக இரண்டு 150 ஏ.ஹெச் (ஆம்பியர்-ஹவர், பேட்டரி எவ்வளவு சார்ஜ் பிடிக்கும் என்ற அளவு) ட்யூபுலர் வகை பேட்டரி, 29,000 ரூபாய். கடைக்காரர் நாற்காலி போட்டு, டீ வாங்கிக் கொடுத்து, என் கண் முன்னாலேயே மல்டிமீட்டர் வைத்துக் காட்டினார். இரண்டிலும் 12.7 வோல்ட். "நீங்களே பாருங்க சார், ரெண்டும் ஒண்ணு போல இருக்கு." அந்த மீட்டரைப் பார்த்துத்தான் நம்பினேன். லோடு இல்லாமல், அதாவது ஃபேன், லைட் எதுவும் ஓடாதபோது அளந்தால், சார்ஜ் ஏற்றி வைத்த பழைய பேட்டரியும் கிட்டத்தட்ட அதேதான் காட்டும் என்று அவருக்குத் தெரியாதா என்ன? "ரெண்டும் சேர்ந்து 300 ஏ.ஹெச்" என்று வேறு கதை அளந்துவிட்டார். சீரியஸில் வோல்ட்தான் கூடும், ஏ.ஹெச் 150-லேயே நிற்கும்.

கரண்ட் போனதும் ஃபேன் கொஞ்ச நேரம் ஓடி நின்றுவிட்டது. எலக்ட்ரீஷியன் அண்ணன் வந்து ஃபேன் ஓடும்போதே அளந்தார். ஒன்றில் 12.2, மற்றதில் 8.8. கூட்டினால் 21, இன்வர்ட்டர் 'லோ பேட்டரி' என்று கத்திவிட்டு நின்றுவிடுகிறது. ஒரே கரண்ட்தான் இரண்டு வழியாகவும் போயாக வேண்டும், அதனால் ஒன்று நொண்டினால் மற்றதில் சார்ஜ் மிச்சம் இருந்தும் பிரயோஜனமில்லை. சார்ஜ் ஏறும்போது நொண்டி முதலில் நிரம்பிக் கொதித்துத் தண்ணீர் வற்றுகிறது, நல்லது அரைகுறையாகவே நிற்கிறது, ஆக அதுவும் கெடப்போகிறது! அந்த நொண்டியின் ஸ்டிக்கரை உரித்தால் கீழே இன்னொரு ஸ்டிக்கர். வயர் மாட்டும் டெர்மினலில் கிரீஸைத் துடைத்தால் பழைய கிளாம்ப் கடித்த தழும்பு. பழையதைப் புதியது என்று தலையில் கட்டிவிட்டார்கள்!

போன் செய்தால் "லோடு அதிகம் சார்", அப்புறம் "டிஸ்டில்டு வாட்டர் ஊத்துங்க", அப்புறம் "கம்பெனி ஆள் வருவார்". நேரில் போனேன். டீ வாங்கித் தந்தவர் செல்போனிலிருந்து தலையே தூக்கவில்லை, கடைப் பையன்தான் "வாரண்டி கார்டுல சீல் இல்லையே" என்கிறான். சீல் போட வேண்டியதே அவர்கள்தானே! 29,000 ரூபாய், கையில் எண்ணிக் கொடுத்த காசு.

சரி, நீங்கள் கவனிக்க வேண்டியது: லோடு டெஸ்டர், அதாவது பேட்டரியிலிருந்து கரண்ட் இழுத்தபடியே வோல்ட் அளக்கும் கருவி, போட்டுக் காட்டச் சொல்லுங்கள், வெறும் மீட்டரை நம்பாதீர்கள். இரண்டும் ஒரே மாதத் தயாரிப்பா என்று பாருங்கள். பழையதோடு புதியதைச் சேர்க்கவே சேர்க்காதீர்கள். இரண்டு சீரியல் நம்பரும் பில்லில் இருக்க வேண்டும், கார்டில் சீல் வாங்காமல் 29,000 இல்லை, 290 ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். மீதியைப் பிறகு எழுதுகிறேன், இப்போது பேட்டரியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு அந்தக் கடைக்குத்தான் போகிறேன்.