ஏஜென்சி வேலைக்குப் போறவங்க படிங்க: எனக்குப் போனது 2,480 வெள்ளி (ரிங்கிட்)

கோபம் அடங்கல. அடங்குறதுக்குள்ள எழுதிடுறேன். மலேசியாவுல, கெடா மாநிலத்துல, பாடாங் செராய், கூலிம் பக்கம் வேலை தேடுறவங்க முக்கியமா படிங்க.

கையில ரெண்டு வேலை இருந்துச்சு. ஒண்ணு செம்பனை (பாமாயில்) ஆலையில நிரந்தர வேலை, அடிப்படைச் சம்பளம் 1,700. 2025 பிப்ரவரியில வந்த குறைந்தபட்சச் சம்பளம்தான், அதுக்கு மேல ஒரு காசு இல்ல. இன்னொண்ணு ஏஜென்சி மூலமா எலக்ட்ரானிக்ஸ் பேக்டரியில தற்காலிக வேலை. சம்பளம் கூட, ஓ.டி. உண்டு, வாசலுக்கே பஸ் வரும், ஆறு மாசத்துல கம்பெனியே எடுத்துக்கும்னு பேச்சு.

ஏஜென்சிக்காரரு நம்ம ஆளுதான். கடைவீட்டு மாடியில ஆபீஸ். "தம்பி, உங்கப்பாவும் நானும் ஒரே டிவிஷன்ல பால் மரம் வெட்டுனவங்கய்யா, ஒன்ன ஏமாத்துவேனா?"ன்னு தோள்ல கை போட்டாரு. கீழ கூட்டிட்டுப் போய் தே தாரேக் வாங்கிக் குடுத்தாரு. யாரோ ஒரு பையனோட நிரந்தர வேலைக் கடிதத்தப் போன்ல காட்டினாரு, பேர மட்டும் கட்டைவிரலால மறைச்சுக்கிட்டு. அப்பா பேரக் கேட்டதும் அம்மாவே 350 வெள்ளிய எடுத்துக் குடுத்தாங்க. யூனிபார்ம், மெடிக்கல், பதிவுக் காசாம். ரசீதுல ரப்பர் ஸ்டாம்ப் இல்ல, கம்பெனி பேரும் இல்ல, ஒரு கிறுக்கல் மட்டும்.

ரெண்டு மாசம் சம்பளம் ஒழுங்கா வந்துச்சு. இபிஎப்புக்குன்னு, அதாவது ஊழியர் சேமநிதிக்குன்னு, மாசம் 198 பிடிச்சாங்க. மூணாவது மாசச் சம்பளம் 1,734 வரவேயில்ல. சந்தேகப்பட்டு இபிஎப் கணக்கத் தொறந்து பார்த்தா, பிடிச்ச காசும் கட்டல. 350, 396, 1,734. மொத்தம் 2,480 வெள்ளி!

போன் போட்டா, "பேக்டரி எங்களுக்கே இன்னும் காசு தரல தம்பி." பேக்டரி ஆபீஸ்ல போய் நின்னா, "நீங்க எங்க ஆள் இல்ல, ஏஜென்சியக் கேளுங்க." மறுபடி மாடி ஏறினா, கணக்குப் பாக்குற பொண்ணு லீவாம். அப்புறம் தீபாவளி முடியட்டும்னாங்க. அதுவும் முடிஞ்சுது. இப்ப வாட்சாப்ல நீல டிக் மட்டும் விழுது. தோள்ல கை போட்ட மனுஷன் நேத்து ரோட்டுல என்னைப் பார்த்துட்டு மோட்டார விரட்டிட்டுப் போறாரு.

விவரமா எழுதலாம்னுதான் உக்காந்தேன், பொறுமை இல்ல. ஏஜென்சின்னா 1981 தனியார் வேலைவாய்ப்பு ஏஜென்சி சட்டப்படி லைசன்ஸ் இருக்கணும், காசு எடுக்குறதுக்கு முன்னாடி அதக் காட்டச் சொல்லுங்க. கடிதத்துல முதலாளின்னு யார் பேர் இருக்குன்னு பாருங்க, பேரே இல்லேன்னா எழுந்து வந்துடுங்க. சம்பளம் அடுத்த மாசம் 7ஆம் தேதிக்குள்ள வரணும். இபிஎப் 15ஆம் தேதிக்குள்ள கட்டணும், மாசாமாசம் ஆப்ல பாருங்க. ஆள் அனுப்புற குத்தகைக்காரர் சம்பளம் தராட்டி, அவருக்கு வேலை குடுத்த பேக்டரி மாதிரி முதலாளியையும் கேக்கலாம்னு 1955 வேலைச் சட்டத்தோட 33ஆம் பிரிவு சொல்லுது, ஆனா சம்பளம் வர வேண்டிய தேதியிலேருந்து 90 நாளுக்குள்ள வழக்குப் போடணும், இல்லேன்னா தொழிலாளர் இலாகாவுல புகார் குடுக்கணும். தீபாவளி, பொங்கல்னு அவங்க இழுக்குறது எதுக்குன்னு இப்பப் புரியுதா?

திங்கக்கிழமை தொழிலாளர் இலாகாவுக்குப் போறேன். அதே மாடியில காசு குடுத்தவங்க வேற யாராவது இருந்தா சம்பளச் சீட்டோட வாங்க, சேர்ந்தே புகார் குடுப்போம். 2,480 வெள்ளிய நான் விடப் போறதில்ல.