தலைக்கவசத்தில் சிறு டார்ச்: கடலோர இரவுப் பயணங்களில் மூன்றரை ஆண்டு அனுபவம்

ராமநாதபுரம் மாவட்டம் உச்சிப்புளியில் குடியிருக்கும் நான், படகு இன்ஜின் பழுதுபார்க்கும் தொழில் செய்கிறேன். கடலுக்குக் கிளம்ப வேண்டிய நேரத்தில் இன்ஜின் பிடிக்காமல் படகு கரையிலேயே நின்றுவிட்டால், விடியும் வரை காத்திருக்க யாருக்கும் மனம் வராது என்பதால், அதிகாலை இரண்டு மணிக்கும் மூன்று மணிக்கும் எனக்கு அழைப்பு வரும். புதுமடம், வேதாளை, பெரியபட்டினம் என்று தென்கடல் பக்கமும், ஆற்றங்கரை, பிரப்பன்வலசை, அரியமான் என்று வடகடல் பக்கமும் வாரத்தில் மூன்று நான்கு இரவுகளாவது பைக்கில் போய் வருகிறேன். 2022 புரட்டாசியில் தலைக்கவசத்தில் முதன்முதலாக டார்ச் பொருத்தினேன். அன்றிலிருந்து மூன்று விதமாக மாற்றிப் பார்த்துவிட்டேன். அவற்றில் எது நின்றது, எது நிற்கவில்லை என்பதை, இதே யோசனையில் இருப்பவர்களுக்குப் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

என்னுடையது பழைய 100 சிசி வண்டி. முகப்பு விளக்கு எப்போதும் எரிந்துகொண்டிருக்க வேண்டும் என்ற விதி 2017 ஏப்ரலில் புதிய வண்டிகளுக்கு வந்தது. என் வண்டி அதற்கு முந்தையது. அதில் இருப்பது 35 வாட் ஹாலஜன் பல்பு. இன்ஜின் வேகம் குறைந்தால் அதன் வெளிச்சமும் மங்கிவிடும். தேசிய நெடுஞ்சாலையில் அது ஒரு குறையாகத் தெரியாது. ஊருக்குள் திரும்பி, இருபுறமும் சீமைக் கருவேலம் அடர்ந்த ஒற்றைச் சாலையில், மணல் ஏறிய வளைவுகளில் முதல் கியருக்கு இறங்கும்போதுதான், எந்த இடத்தில் வெளிச்சம் அதிகம் வேண்டுமோ அந்த இடத்தில் அது குறைகிறது. தவிர, முகப்பு விளக்கு ஹேண்டில் திரும்பிய பிறகுதான் வளைவுக்குள் பார்க்கும். கண்ணோ அதற்கு முன்பே அங்கே போய்விடும். கண் போகும் இடத்துக்கு வெளிச்சமும் போக வேண்டும் என்பதே என் ஆசையாக இருந்தது.

முதல் ஏற்பாட்டில் அந்த ஆசையை மட்டும் பார்த்தேனே தவிர வேறெதையும் யோசிக்கவில்லை. 18650 லித்தியம் செல் போடும் இரண்டு டார்ச்சுகளை, சைக்கிள் ஹேண்டிலுக்கான பிடிப்பான்களாலும் பிளாஸ்டிக் டை பட்டைகளாலும் தலைக்கவசத்தின் இரு பக்கமும் கட்டினேன். வெளிச்சத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இரண்டும் சேர்ந்து கால் கிலோவுக்கு மேல் இருந்ததால், இரண்டு வாரத்தில் கழுத்தின் பின்பக்கம் இறுகத் தொடங்கியது. 1988 இல் திறக்கப்பட்ட பாம்பன் சாலைப் பாலம் இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான நீளம் கொண்டது. காற்றைத் தடுக்க அங்கே ஒரு மரம் கூடக் கிடையாது. கச்சான் காற்று வீசும் ஒரு நாளில் அதைக் கடந்தபோது, துருத்திக்கொண்டிருந்த டார்ச்சுகளைக் காற்று பிடித்துத் தலையையே பக்கவாட்டில் திருகியது.

கழுத்து வலியைப் பொறுத்துக்கொண்டிருப்பேனோ என்னவோ, வேதாளையில் நடந்த ஒன்று அந்த ஏற்பாட்டை மறுநாளே கழற்ற வைத்தது. மீன் பெட்டியைக் கேரியரில் கட்டிக்கொண்டு எதிரே சைக்கிளில் வந்த பெரியவர் ஒருவர், என் வெளிச்சம் முகத்தில் அடித்ததும் பாதையை விட்டு இறங்கி மணலில் சாய்ந்துவிட்டார். காயம் எதுவும் இல்லை. பெட்டியைத் தூக்கிக் கட்டிக் கொடுக்கும்போது அவர் கோபமில்லாமல் சொன்னார்: "வண்டி வெளிச்சம் எப்படி வரும்னு தெரியும் தம்பி, ஒதுங்கிக்குவேன். தலையில இருக்குறது எந்தப் பக்கம் திரும்பும்னு எனக்கு எப்படித் தெரியும்?" அவர் சொன்னது முழுக்க நியாயம். எதிரே ஒருவர் வருகிறார் என்றால் நாம் அவரைப் பார்ப்போம். பார்த்த அந்தக் கணமே தலையில் இருக்கும் விளக்கு அவர் கண்ணில் குத்தும். முகப்பு விளக்கில் இருக்கும் 'டிப்' இதில் இல்லை. ஆகவே தலையில் வைக்கும் விளக்கு, நேராகக் கண்ணில் பட்டாலும் தொந்தரவு தராத அளவுக்கு மங்கலாக இருக்க வேண்டும் என்று அன்று முடிவு செய்தேன். அதன் பிறகு பொருத்தியவை எல்லாம் இந்த முடிவுக்கு உட்பட்டவையே.

அடுத்தது பொருத்தும் முறை. இதில் நான் செய்த தவறை வேறு யாரும் செய்துவிடக் கூடாது. இரண்டாவது ஏற்பாட்டில், ஒரு சிறிய உலோகப் பிடியை எபாக்சி பசையால் தலைக்கவசத்தில் நிரந்தரமாக ஒட்டினேன். ஒட்டுவதற்கு முன் மேற்பரப்பைத் தின்னர் தொட்ட துணியால் துடைத்தேன். சில மாதங்களில் பசையைச் சுற்றி முடி போன்ற மெல்லிய கோடுகள் தெரிந்தன. பாலிகார்பனேட், ஏபிஎஸ் போன்ற பிளாஸ்டிக் ஓடுகளைப் பெட்ரோல், தின்னர், சில வகைப் பசைகள் உள்ளுக்குள் பலவீனமாக்கிவிடும். வெளியே தெரிவது அந்தக் கோடு மட்டும்தான். அந்தத் தலைக்கவசத்தை அத்துடன் தூக்கி எறிந்துவிட்டு, ஐஎஸ்ஐ முத்திரை உள்ள புதியது வாங்கினேன். துளை போட்டுத் திருகாணி முடுக்கலாம் என்று கடையில் ஒருவர் யோசனை சொன்னார். அதை நான் ஏற்கவில்லை. தலைக்கவசத்தின் வெளிப்புறம் வழுவழுப்பாக இருப்பது அழகுக்காக அல்ல. விழும்போது அது சாலையில் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். துருத்திய பொருள் எதிலாவது மாட்டினால் தலையோடு கழுத்தும் திருகும். அமெரிக்காவின் தலைக்கவசத் தரமான எஃப்எம்விஎஸ்எஸ் 218, ஓட்டின் வெளியே கடினமான பொருள் எதுவும் 5 மில்லிமீட்டருக்கு மேல் துருத்தக் கூடாது என்கிறது. எவ்வளவு சிறிய டார்ச்சானாலும் அந்த அளவைத் தாண்டிவிடும். அப்படியானால் அது இடித்த உடனே பிய்ந்து போக வேண்டும். ஒட்டி நிற்பதை விட இதுவே முக்கியம் என்பது என் உறுதியான கருத்து.

இப்போது இரண்டு ஆண்டுக்கும் மேலாக இருக்கும் மூன்றாவது ஏற்பாடு இதுதான். டிவி ரிமோட்டில் போடும் சிறிய செல் ஒன்றில் எரியும், விரல் நீளமுள்ள டார்ச். செல்லோடு சேர்த்து 25 கிராம் அளவுதான் இருக்கும். தலைக்கவசத்தின் இடப் பக்கத்தில், வைசர் (முகத்தை மூடும் கண்ணாடி) கீலுக்குச் சற்று முன்னால் கீழே, இருபுறப் பசையுள்ள நுரைப் பட்டையில் வெல்க்ரோ துண்டை ஒட்டியிருக்கிறேன். டார்ச்சைச் சுற்றி மறு வெல்க்ரோ; பழைய சைக்கிள் டியூபிலிருந்து வெட்டிய வளையம் அதை இறுக்கிப் பிடிக்கிறது. உள்ளங்கையால் பக்கவாட்டில் ஒரு தட்டுத் தட்டினால் டார்ச் கையோடு வந்துவிடும். நேராகப் போகும்போது மேடுபள்ளத்தில் இதுவரை ஒரு முறைதான் விழுந்திருக்கிறது. மேற்பரப்பைச் சோப்புத் தண்ணீரால் மட்டுமே துடைக்கிறேன். வெயிலில் வண்டி மேல் கிடந்தால் நுரைப் பட்டையின் பசை இளகிவிடுவதால், நான்கைந்து மாதத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டியிருக்கிறது. இடப் பக்கம் என்பதற்கும் காரணம் உண்டு. எதிர்வண்டி வலப் பக்கம் வரும். ஆடு, நாய், மாடு எல்லாம் சாலையின் இடது ஓரத்துப் புதரிலிருந்துதான் என் முன்னால் ஏறும். விளக்கைச் சற்றுக் கீழாகவும் இடமாகவும் சாய்த்து வைத்தால் இரண்டுக்கும் சரியாக வருகிறது.

இந்த டார்ச்சை நான் எரிப்பது 12 லூமன் (வெளிச்சத்தின் அலகு) அளவில்தான். அவ்வளவு மங்கலான வெளிச்சம் எதற்கு ஆகும் என்ற கேள்வி எனக்கும் இருந்தது. அதற்கான பதிலைப் புதுமடம் சாலையில் கண்டேன். முகப்பு விளக்கில் வெறும் இருட்டாகத் தெரிந்த கருவேலம் புதரில், தலையைத் திருப்பியதும் பச்சைப் புள்ளிகள் ஜோடி ஜோடியாக எரிந்தன. அங்கே ஓர் ஆட்டுக் கூட்டம் படுத்திருந்தது. ஆடு, மாடு, நாய், பூனை ஆகியவற்றின் விழித்திரைக்குப் பின்னால் உள்ள ஒரு படலம், உள்ளே நுழைந்த ஒளியைப் பெரும்பாலும் வந்த வழியே திருப்பி அனுப்புகிறது. ஒளி எங்கிருந்து புறப்பட்டதோ அதன் அருகில் நம் கண் இருந்தால்தான் அந்த மினுக்கம் பலமாகத் தெரியும். முகப்பு விளக்கு கண்ணுக்கு இரண்டடி கீழே இருக்கிறது. தலைக்கவச டார்ச்சோ கண்ணுக்கு அரை அடிக்குள் இருக்கிறது. சாலையோரப் பிரதிபலிப்புக் கற்கள், எச்சரிக்கைப் பலகைகள், லாரியின் பின்புறச் சிவப்புப் பட்டை ஆகியவையும் இதே முறையில் ஒளியைத் திருப்பி அனுப்புபவையே. ஆகவே இந்த விளக்கின் வேலை சாலையை வெளிச்சமாக்குவது அல்ல. ஒளியைத் திருப்பித் தரும் பொருள் எங்கே இருந்தாலும் அதை எனக்குக் காட்டிக் கொடுப்பது. அதற்கு 12 லூமன் போதுமானதாக இருக்கிறது.

இதே நெருக்கத்தால் ஒரு தீமையும் உண்டு. அதை நான் விழாமல் விழுந்துதான் கற்றேன். ஆனி மாதம், கச்சான் நாள் முழுக்க வீசி ஓய்ந்த இரவு. ஒரு சிறு பாலத்தை ஒட்டிச் சாலையின் குறுக்கே மணல் ஏறியிருந்தது. முகப்பு விளக்கு மங்கியதால் டார்ச்சை உச்ச அளவில் வைத்திருந்தேன். மணல் தெரிந்தது, ஆனால் தட்டையாக, துணி விரித்தது போலத் தெரிந்தது. முன் சக்கரம் ஏறிய பிறகுதான் அது முழங்கால் பாதி உயரத்துக்குக் குவிந்திருப்பது புரிந்தது. இரண்டு காலையும் ஊன்றி எப்படியோ நிறுத்தினேன். வண்டியை நிறுத்தி, தலைக்கவசத்தைக் கழற்றி டார்ச்சைத் தரையோரமாகப் பிடித்துப் பார்த்தபோது, அதே மணலில் காற்று வரைந்த வரிகள் ஒவ்வொன்றும் தன் நிழலோடு எழுந்து நின்றன. மேடுபள்ளத்தை நமக்குச் சொல்வது நிழல். கண்ணருகில் இருந்து அடிக்கும் வெளிச்சத்தில் நிழல் பொருளுக்குப் பின்னால் மறைந்துவிடும். தாழ்வான முகப்பு விளக்கின் நீண்ட நிழல்தான் குழியையும் குவியலையும் காட்டும். அன்றிலிருந்து டார்ச்சை முகப்பு விளக்கை வெல்லும் அளவுக்கு நான் எரிப்பதில்லை. சாலையைப் பார்க்க வேண்டுமானால் முகப்பு விளக்கைச் சரிசெய்வதே வழி. நானும் அதன் கண்ணாடியைத் துடைத்து, உயரத்தைச் சீர்செய்து, வயர் இணைப்புகளின் உப்புத் துருவைச் சுரண்டி எடுத்த பிறகு நல்ல மாற்றம் தெரிந்தது.

மார்கழிப் பனியில் டார்ச்சை அணைத்துவிடுவேன். கண்ணருகில் ஒளிரும் பனித்துளிகள் வெள்ளைத் திரை போல் முன்னால் தொங்கும். தூறலிலும் அப்படியே. மழைக்காலத்தில் ஊரணிக் கரைகளில் பூச்சி முகத்தைத் தேடி வரும், வைசரை மூடாமல் போக முடியாது. டார்ச்சின் முனை வைசரின் விளிம்பைத் தாண்டி முன்னே இருக்க வேண்டும். பின்னால் தள்ளினால் வைசரில் உள்ள கீறல் ஒவ்வொன்றும் பளபளக்கும்.

உப்பைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கரையில் எந்தப் பொருளைப் பற்றியும் எழுத முடியாது. டார்ச்சில் ஐபிஎக்ஸ்7 என்று போட்டிருந்தால், ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் உள்ளே நீர் புகாது என்று பொருள். அந்தச் சோதனை நல்ல தண்ணீரில் நடப்பது. உப்புக் காற்று மாதக்கணக்கில் செய்யும் வேலையைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை. என் முதல் அலுமினிய டார்ச்சின் மரையில் வெள்ளை மாவு பூத்து, இடுக்கி போட்டாலும் திறக்க முடியாதபடி இறுகிவிட்டது. கைக்கு வந்த இன்ஜின் கிரீஸைத் தடவியதில் ரப்பர் வளையம் ஊதிப்போனது. இப்போது சிலிக்கான் கிரீஸ் மட்டும் பயன்படுத்துகிறேன். வாரம் ஒரு முறை நல்ல தண்ணீர் நனைத்த துணியால் துடைத்து, மரையைத் திறந்து மூடுகிறேன். பிளாஸ்டிக் உடல் கொண்ட டார்ச் கிடைத்தால் இங்கே அதுவே மேல்.

செல் விஷயத்தில், ரீசார்ஜ் செய்யும் நிக்கல் செல்லுக்கு மாறிவிட்டேன். சாதாரண அல்கலைன் செல் ஒன்று கசிந்து டார்ச்சுக்குள்ளேயே சிக்கிக்கொண்டது. லித்தியம் செல்லில் சக்தி அதிகம்தான். ஆனால் விழுந்து நசுங்கினால் தீப்பிடிக்கக்கூடிய ஒன்றைக் காதுக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ள நான் தயாராக இல்லை. 12 லூமனில் ஒரு சார்ஜ் ஐந்தாறு மணி நேரம் வருகிறது. எனக்கு அது இரண்டு மூன்று இரவுகளுக்குப் போதும்.

கரையில் போய் இறங்கியதும் அதே டார்ச்சைப் பிய்த்துத் தொப்பியின் முனையில் மாட்டிக்கொள்கிறேன். முன்பெல்லாம் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, எச்சில் ஒழுக டீசல் ஃபில்டரைக் கழற்றுவேன். இப்போது இரண்டு கையும் வேலைக்கு. தண்ணீர் பம்புக்குள் சுழலும் இம்பெல்லர் சக்கரத்தில் எந்த இதழ் கிழிந்திருக்கிறது என்பதைக் குனிந்த உடனே பார்க்க முடிகிறது. இங்கே மட்டும்தான் அதன் உச்ச வெளிச்சத்தைப் பயன்படுத்துகிறேன்.

தலைக்கவசத்தின் பின்புறம் சிவப்பு மினுக்கு விளக்கு ஒன்றையும் ஆறு மாதம் வைத்திருந்தேன். தலையைப் பக்கவாட்டில் திருப்பும்போதெல்லாம் அது எதிரே வருபவருக்கும் தெரிந்து குழப்பியது. உப்பில் அதன் சுவிட்ச் இரண்டு முறை செத்தது. அதற்குப் பதிலாக ஒளியைத் திருப்பி அனுப்பும் பட்டையை இரண்டு அங்குல அகலத்தில் ஒட்டிவிட்டேன். செல் வேண்டாம், சுவிட்ச் வேண்டாம், துருத்தலும் இல்லை. ஒரு சுருள் வாங்கியதில் நிறைய மிச்சம் இருந்தது. வேதாளைப் பெரியவரைப் பிறகு ஒரு நாள் கடற்கரையில் பார்த்தபோது, அவருடைய சைக்கிளின் பின் மட்கார்டிலும் மீன் பெட்டியின் பின்பக்கத்திலும் ஒவ்வொரு துண்டு ஒட்டிக் கொடுத்தேன். இப்போது அந்தச் சாலையில் அவர் எனக்கு முன்னால் போனால், என் சிறு டார்ச்சின் வெளிச்சத்திலேயே நூறு அடிக்கு முன்பே அந்த இரண்டு பட்டைகளும் ஒன்றன் மேல் ஒன்றாகத் தெரிந்துவிடுகின்றன. விளக்கைக் கீழே தாழ்த்திக்கொண்டு அவரைத் தாண்டிப் போகிறேன்.