பிளக் வகைப் பவர் மீட்டர்: அரை அலை ரெக்டிஃபையரிடம் தவறும் ஆம்பியர் கணக்கு

சாக்கெட்டுக்கும் கருவிக்கும் நடுவே செருகிப் பயன்படுத்தும் இந்தப் பவர் மீட்டர் வோல்ட், ஆம்பியர், வாட், பவர் ஃபேக்டர் (வாட்டை வோல்ட் × ஆம்பியரால் வகுத்தால் வரும் எண்) ஆகியவற்றைக் காட்டுகிறது. பெட்டியின் மேல் 'ட்ரூ ஆர்எம்எஸ்' (அலையின் வடிவம் எதுவானாலும், அது உண்டாக்கும் சூட்டுக்கு ஏற்ற மதிப்பை அளப்பது) என்று அச்சிட்டிருக்கிறார்கள். ஹீட்டர், மின்விசிறி, கணினி எதற்கும் அதன் அளவுகளில் குறை சொல்ல முடியவில்லை. அலையின் இரு பாதிகளையும் பயன்படுத்தும் பிரிட்ஜ் ரெக்டிஃபையர் உள்ள எஸ்எம்பிஎஸ் (கணினி, சார்ஜர் போன்றவற்றின் மின்வழங்கி) இழுக்கும் கூர்முனை மின்னோட்டத்தைக்கூட அது ஒழுங்காகவே அளக்கிறது. மின்னோட்டத்தை ஒரே திசையில் மட்டும் விடும் ஒற்றை டயோடு, அதாவது அரை அலை ரெக்டிஃபையர், வந்தவுடன்தான் கணக்கு தவறுகிறது.

பல ஹேர் டிரையர்களில் குறைந்த சூட்டு நிலையை இந்த டயோடுதான் தருகிறது: அலையின் ஒரு பாதியை மட்டும் விட்டு, மறுபாதியைத் தடுத்துவிடும். 230 வோல்ட்டில் 5 ஆம்பியர் இழுக்கும் 1150 வாட் ஹீட்டருடன் ஒரு டயோடைத் தொடரில் இணைத்தால், திறன் பாதியாகி 575 வாட் ஆகும். மின்னோட்டத்தின் உண்மையான ஆர்எம்எஸ் 3.54 ஆம்பியர், பவர் ஃபேக்டர் 0.71. மீட்டர் வாட்டைச் சரியாகக் காட்டியது. ஆனால் ஆம்பியர் 2.7 என்றும் பவர் ஃபேக்டர் 0.92 என்றும் திரையில் நின்றன.

காணாமற்போன பகுதி டிசி, அதாவது ஒரே திசையில் ஓடும் மின்னோட்டம். அரை அலை மின்னோட்டத்தின் சராசரி சுழியாக இருப்பதில்லை. இந்த எடுத்துக்காட்டில் அது 2.25 ஆம்பியர். இத்தகைய மீட்டர்களின் சிப்கள் பலவற்றில், சுழிப்பிழையை (மின்னோட்டம் இல்லாதபோதும் தெரியும் அளவை) நீக்குவதற்காக வைக்கப்படும், மாறும் அலையை மட்டும் விடும் ஹை பாஸ் ஃபில்டர் இந்த டிசியையும் சேர்த்தே வடிகட்டிவிடுகிறது. வாட் மட்டும் தப்பிப்பதற்குக் காரணம், மின்வழங்கலின் வோல்ட்டேஜில் டிசி இல்லாததால், மின்னோட்டத்தின் டிசிப் பகுதி சராசரித் திறனுக்கு எதையும் சேர்ப்பதில்லை என்பதே. இந்த நுட்பத்தைப் பயனர் கையேட்டில் ஒரு வரியாவது எழுதியிருக்க வேண்டும்; எழுதவில்லை என்பதே இக்கருவியின் மீது எனக்குள்ள முதன்மையான குறை.

இது வெறும் தசமப் பிழை அன்று. வயர் சூடாவது ஆர்எம்எஸ் மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், 2.7 ஆம்பியரை நம்பிக் கணக்கிடுபவருக்கு உண்மையான சூட்டில் ஏறக்குறைய 60 சதவீதம் மட்டுமே தெரியவரும். டிசி, டிரான்ஸ்ஃபார்மரின் இரும்பு உள்ளகத்தை (கோர்) ஒரு பக்கமாகக் காந்தச் செறிவடையச் செய்து, அதை இரையவும் சூடாகவும் வைக்கும். வயரைச் சுற்றிப் பிடித்து அளக்கும் சாதாரண ஏசி கிளாம்ப் மீட்டரும் இந்தப் பவர் மீட்டரைப் போலவே டிசியைத் தவறவிடும். அதற்குள் இருப்பதும் டிசியைக் கடத்தாத ஒரு சிறிய டிரான்ஸ்ஃபார்மர்தானே.

சரிபார்க்க, காந்தப்புலத்தை உணர்ந்து டிசியையும் அளக்கும் ஹால் சென்சார் உள்ள ஏசி-டிசி கிளாம்ப் மீட்டரைப் பயன்படுத்தினேன். ஒற்றை வயரைச் சுற்றிப் பிடிக்கும் முன் டிசி நிலையில் சுழியாக்கிக்கொள்வது மிகவும் முக்கியம். டிசி நிலையில் 2.25-ஐ ஒட்டியும் ஏசி நிலையில் 2.7-ஐ ஒட்டியும் காட்டியது. இரண்டின் வர்க்கங்களையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 3.5 வந்துவிடுகிறது. டயோடைத் திருப்பிப் போட்டால் டிசி அளவின் முன் மைனஸ் குறி தோன்றுகிறது. பவர் மீட்டரின் திரையிலோ எந்த மாற்றமும் இல்லை.

எத்தனை யூனிட் செலவாகிறது என்று மட்டும் பார்ப்பவர்கள் இந்த மீட்டரைத் தயங்காமல் வாங்கலாம். வயரின் தடிமனையோ யுபிஎஸ்ஸின் கொள்ளளவையோ அதன் ஆம்பியரை வைத்து முடிவு செய்ய நினைப்பவர்கள், ஹால் கிளாம்ப் ஒன்றையும் கையில் வைத்திருக்க வேண்டும்.