பழைய ஹஸ்க்வர்னா 61: வெருலத்திலிருந்து ஓர் அனுபவம்

தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்குப் பக்கத்தில் உள்ள வெருலத்தில் எங்கள் வீடு. அங்கே இருப்பது ஹஸ்க்வர்னா 61 செயின்சா, அதாவது பெட்ரோலில் ஓடும் மரம் அறுக்கும் மெஷின். 1980களின் மாடல், 61.5 சிசி. பீட்டர்மாரிட்ஸ்பர்க்கைத் தாண்டி வாட்டில் (ஒரு வகை வேல மரம்), கம் (யூகலிப்டஸ்) மரத் தோட்டங்களில் உழைத்த மெஷின். மரம் வெட்டும் கான்ட்ராக்டர் ஒருவர் கழித்துவிட்டபோது வாங்கினேன். மாமரக் கிளை கழிப்பது, காற்றில் சாய்ந்த சிரிங்கா மரத்தை அறுப்பது, கோயில் தீமிதிக்கு விறகு போடுவது, இவைதான் அதன் வேலை. வாங்கிப் பல வருடம் ஆகிவிட்டது. இன்னும் மாற்றத் தோன்றவில்லை.

பழைய செயின்சா வாங்கப் போகிறவர் முதலில் விசாரிக்க வேண்டியது, அதன் சீலும் ரப்பரும் இன்னும் கடையில் கிடைக்கிறதா என்றுதான். இரும்பு லேசில் போகாது, ரப்பர் போய்விடும். ஹஸ்க்வர்னாவின் 61, 268, 272 மாடல்கள் மூன்றும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். கிராங்க்கேஸ் (எஞ்சினின் அடிக்கூடு) ஒன்று, ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடும் தூரம்) 34 மி.மீ.; சிலிண்டர் விட்டம் மட்டும் 48, 50, 52 என்று மாறும். அதனால் ஒன்றின் சாமான் மற்றதற்குப் பெரும்பாலும் பொருந்தும். டூப்ளிகேட் பாகமும் தாராளம், தரம்தான் முன்னே பின்னே இருக்கும். சிலிண்டர், பிஸ்டன் மட்டும் நல்ல கம்பெனி சாமானாகப் பார்த்து வாங்குங்கள்.

எனக்குத் தெரிந்த மெக்கானிக் அண்ணன் ஒருவர் சொல்வார்: "முதல்ல மெஷினைத் தொட்டுப் பாரு தம்பி. சூடா இருந்தா திரும்பி வந்துடு." ஆள் வருவதற்கு முன்பே ஓட்டிச் சூடேற்றி வைத்தால், ஆறிய எஞ்சின் கிளம்பச் செய்யும் அடம் வெளியே தெரியாது. அப்புறம் ஸ்டார்ட் பண்ணும் கயிற்றின் பிடியைப் பிடித்து மெஷினைத் தொங்கவிடுங்கள். விட்டு விட்டு மெதுவாக இறங்கினால் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் அழுத்தம்) உண்டு. சரசரவென்று இறங்கினால் சந்தேகப்படலாம். கேஜ் இருந்தால் 150 பிஎஸ்ஐ பக்கம் காட்ட வேண்டும், 120க்குக் கீழே என்றால் விலையைப் பாதியாகக் கேளுங்கள். சைலன்சரைக் கழற்ற விட்டால் இன்னும் நல்லது. எக்ஸாஸ்ட் துளை வழியாக டார்ச் அடித்தால் பிஸ்டன் தெரியும். மேலும் கீழுமாகக் கீறல் விழுந்திருந்தால், ஆயில் கலக்காத பெட்ரோலிலோ காற்றுக் கசிவோடோ ஓடியிருக்கிறது என்று அர்த்தம். "கழற்றக் கூடாது" என்று ஒருவர் முரண்டு பிடித்தால் அதுவே பதில்.

இந்த மாடலில் எனக்கு வந்த பெரிய தொல்லை, கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவில் உள்ள ரப்பர் பூட். வயதாகி வெடிக்கும். வெடிப்பு கண்ணுக்கே தெரியாது, கையால் வளைத்தால்தான் வாய் திறக்கும். அறிகுறி இதுதான்: ஐடிலில் ஓடும்போது மெஷினைப் பக்கவாட்டில் சாய்த்தால் சத்தம் ஏறி இறங்கும், ஆக்சிலரேட்டரை விட்டாலும் வேகம் உடனே குறையாது. அந்த நேரத்தில் ஸ்குரூ டிரைவரால் கார்புரேட்டரைத் திருகி 'சரி' பண்ணிவிட்டு அறுக்கப் போனால், சீக்கிரமே பிஸ்டனும் போகும். பூட் மாற்றும்போதே பெட்ரோல் குழாய், ஃபில்டர், கார்புரேட்டருக்குள் இருக்கும் மெல்லிய டயாஃப்ரம் எல்லாவற்றையும் சேர்த்து மாற்றிவிட்டேன். ஒரே மாலை வேலைதான்.

பெட்ரோல் கலவை 50க்கு 1: 5 லிட்டருக்கு 100 மில்லி நல்ல டூ-ஸ்ட்ரோக் ஆயில். ஒரு மாதத்துக்கு மேல் வைத்த கலவையை நான் ஊற்றுவதில்லை. டர்பன் கடற்கரை ஈரத்தில் பிளக், போல்ட் எல்லாமே துரு பிடிக்கும், அதனால் அறுத்து முடித்ததும் துடைத்து வைப்பது கட்டாயம். செயின் சுற்றும் நீண்ட தகடுதான் பார்; அதற்கு ஊற்றும் பார் ஆயிலுக்குப் பதிலாகக் காரிலிருந்து வடித்த கறுப்பு ஆயிலை ஊற்றும் பழக்கம் இங்கே நிறைய. அதிலுள்ள உலோகத் தூளும் அழுக்கும் பம்பைத் தின்றுவிடும்.

செயின் தீட்டுவதற்கு 5.5 மி.மீ. வட்ட அரம், 30 டிகிரி சாய்வு. பற்களை மட்டும் தீட்டிவிட்டு, ஒவ்வொரு பல்லுக்கும் முன்னால் வெட்டும் ஆழத்தைக் கட்டுப்படுத்தும் திமிலை விட்டுவிட்டால் தூள்தான் வரும், சீவல் வராது. திமில் பல் முனையைவிட 0.65 மி.மீ. தாழ்ந்திருக்க வேண்டும். காய்ந்த வாட்டில் கல் மாதிரி, தீமிதி விறகு போடும் நாளில் பெட்ரோல் நிரப்பும் ஒவ்வொரு தடவையும் அரம் எடுப்பேன்.

பேட்டரி செயின்சா ஏன் வேண்டாம் என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். 2022, 2023ல் லோட் ஷெடிங் (முறை வைத்து மின்சாரத்தை நிறுத்துவது) நடந்த காலத்தில் சார்ஜ் போடுவதே பெரும்பாடு. இப்போது நிலைமை பரவாயில்லை, மெல்லிய கிளை கழிக்க ஒன்று வாங்கினாலும் வாங்குவேன். தடித்த மரத்துக்கு 61 போதும்.

ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். செயினைச் சட்டென்று நிறுத்தும் செயின் பிரேக் இல்லாத மெஷின் சும்மா கொடுத்தாலும் வேண்டாம். 106 சிசி ஷ்டீல் 070ம் அதன் சீன நகல்களும் பலத்துக்குப் பேர் போனவை. ஆனால் பெரும்பாலும் பிரேக்கும் இருக்காது, அதிர்வு தாங்கும் ரப்பரும் இருக்காது. பாரின் நுனி மரத்தில் பட்டு மெஷின் மேலே எகிறும் கிக்பேக் வந்தால் பார் முகத்துக்குத்தான் வரும்.

என் மெஷினில் தீராத குறை ஒன்று உண்டு: சும்மா வைத்தால் பார் ஆயில் கசியும். சீல் மாற்றியும் நிற்கவில்லை. கராஜில் அதன் அடியில் எப்போதும் ஓர் அட்டைப்பெட்டி கிடக்கும்.