புல் வெட்ட வாங்கிய பழைய மாஸி 35

ஐந்து ஏக்கர் புல்லை வெட்ட முதலில் நான் வாங்கியது ஒற்றைக் கிளட்ச் டிராக்டர், அதாவது சக்கரத்துக்கும் மோவருக்கும் சேர்த்து ஒரே கிளட்ச். பின்னால் ரோட்டரி மோவர் சுழன்றுகொண்டிருக்க, வேலிக்கு முன்னால் கிளட்சை மிதித்தேன். வண்டி நிற்கவில்லை. கனமான பிளேடுகளின் வேகம், மோவருக்கு எஞ்சின் விசையைக் கொண்டுபோகும் பிடிஓ ஷாஃப்ட் வழியே கியர்பாக்ஸுக்குத் திரும்பி வந்து சக்கரங்களைத் தள்ளியது. வேலிக்கம்பத்தில் மோதிய பிறகுதான் நின்றது. ஒரு பக்கமாக மட்டுமே விசையைக் கடத்தும் ஓவர்ரன்னிங் கப்ளிங் மாட்டினால் இந்தத் தள்ளல் தீரும். ஆனால் கிளட்சை மிதிக்கும்போதெல்லாம் பிளேடுக்கு விசை போவது நின்றுவிடும், அடர்ந்த புல்லில் மோவர் அடைத்துக்கொள்ளும்.

அதனால் அடுத்த முறை மாஸி ஃபெர்குசன் 35-ஐ, இரட்டைக் கிளட்ச் உள்ளதாகப் பார்த்து வாங்கினேன். அதே மாடல் ஒற்றைக் கிளட்சிலும் வந்திருக்கிறது, அதனால் பெயரை மட்டும் நம்பக்கூடாது. மோவரைக் கழற்றிவிட்டு, பின்னால் யாரும் நிற்காமல், பிடிஓவை ஓடவிட்டு வண்டியை மெதுவாக நகர்த்துங்கள். பெடலைப் பாதி மிதித்தால் வண்டி நிற்க வேண்டும், ஷாஃப்ட் சுழல வேண்டும். முழுதாக மிதித்தால்தான் ஷாஃப்டும் நிற்கும். நான் பார்க்கப் போன நாளில் இதை நாலு முறை செய்து பார்த்தேன்.

எஞ்சினைத் தொட்டுப் பார்த்தேன், ஜில்லென்று இருந்தது. முன்கூட்டியே சூடேற்றி வைத்திருந்தால் ஸ்டார்ட்டிங் கோளாறு தெரியாமல் போகும். ஹைட்ராலிக் எண்ணெய் பால் போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது என்று அர்த்தம், இதில் தெளிவாக இருந்தது. பெயிண்ட் மங்கியிருந்தது, அது கிடக்கட்டும்.

ரோட்டரி மோவருக்கு ஓர் அடி அகலத்துக்கு ஐந்து குதிரைத்திறன் என்று ஒரு பழைய கணக்கு உண்டு. என் ஐந்தடி மோவருக்கு 25 போதும். மூன்று சிலிண்டர் பெர்கின்ஸ் டீசல் எஞ்சின் அதை அலட்சியமாக ஓட்டுகிறது. ஆறு முன் கியரில் இரண்டாவதுதான் என் புல்லுக்குச் சரி. உயரமாக வளர்ந்த இடத்தில் முதல் கியர்.

குறை இல்லாமல் இல்லை. எடை அதிகம், மழை பெய்த மறுநாள் இறங்கினால் ஆழமாகச் சுவடு விழுகிறது, அன்றைக்கு வெட்டுவதை விட்டுவிடுகிறேன். வண்டி கவிழ்ந்தால் ஓட்டுபவரைக் காக்கும் ரோல்பார் இல்லாமல் வந்தது. இந்த வயது வண்டிகளில் பெரும்பாலும் இருக்காது. இந்த மாடலுக்கென்றே செய்த ரோல்பாரையும் சீட் பெல்ட்டையும் மாட்டிய பிறகுதான் சரிவுப் பக்கம் போனேன். பிடிஓ ஷாஃப்டின் மேல் மூடியும் உடைந்திருந்தது, அதை முதல் நாளே மாற்றினேன்.