அப்பாவின் இடது கண்

இந்த முறை ஊருக்குப் போகும்போது ஒரு வேலையை முடித்தே தீர வேண்டும் என்று நினைத்திருந்தேன். அப்பாவுக்குக் கண் பரிசோதனை. அவருக்குச் சர்க்கரை வந்து 14 வருடம். மாத்திரை தவறமாட்டார், காலில் சின்னப் புண் வந்தாலும் டாக்டரிடம் ஓடுவார். கண்ணை மட்டும் யாரிடமும் காட்டியதில்லை. "பேப்பர் படிக்கிறேன், பஸ் போர்டு தெரியுது, அப்புறம் என்னடா?" என்பார்.

லண்டனில் எனக்கும் சர்க்கரைதான். இங்கே 12 வயதிலிருந்தே, சர்க்கரை உள்ளவர்களை விழித்திரைப் படம் எடுக்க வரச்சொல்லி வீட்டுக்குக் கடிதம் வந்துவிடும். விழித்திரையில் ரத்தக்குழாய் கசிய ஆரம்பித்த பிறகும் வெகுநாள் பார்வை நன்றாகவே இருக்கும் என்பதை நான் தெரிந்துகொண்டது அப்படித்தான். அப்பாவுக்கு அப்படி ஒரு கடிதம் வந்ததே இல்லை.

உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கண் மையம். மருந்துக்கடைக்கு மேலே இரண்டே அறை, டாக்டர் கிடையாது. பயிற்சி பெற்ற ஒரு பெண் தாடையை வைக்கச் சொல்லி, வலது கண்ணை ஒரே பளிச்சில் எடுத்துவிட்டார். இடது கண்தான் பிடிவாதம். படம் தெளிவாக இல்லை என்று கம்ப்யூட்டர் ஏற்கவில்லை. வயதானால் கண் பாப்பா சின்னதாகிவிடுமாம். விளக்கை அணைத்து, திரையை இழுத்துவிட்டு, "இருட்டுல கொஞ்ச நேரம் உக்காருங்க தாத்தா" என்றார். மறுபடியும் மங்கல். கடைசியில் சொட்டு மருந்து விட்டு அரைமணி நேரம் காத்திருந்து எடுத்தார். அந்தப் பொறுமைக்கே அவரைக் கும்பிடலாம்.

திரையில் ஒரு ஆரஞ்சு வட்டம், அதில் வேர் ஓடினாற்போல் ரத்தக்குழாய்கள். பெரிதாக்கிக் காட்டினார்: ஊசிமுனை அளவில் சிவப்புப் புள்ளிகள், நடுப்பகுதிக்குப் பக்கத்தில் மஞ்சளாகச் சில திட்டுகள். டாக்டரிடம் அனுப்ப வேண்டும் என்று கம்ப்யூட்டரே படத்தைப் பார்த்துச் சில நொடிகளில் முடிவு சொன்னது. "என் கண்ணுக்குள்ளயா இதெல்லாம் இருக்கு?" என்று அப்பா திரையைத் தொடப் போனார்.

இதே வேலையைச் செய்யும் கூகுளின் கம்ப்யூட்டர் நிரல் பற்றிய ஆய்வு 2016இல் வெளியானது. அதற்குக் கற்றுக்கொடுக்க 1,28,175 விழித்திரைப் படங்கள். ஒவ்வொன்றையும் மூன்று முதல் ஏழு முறை கண் மருத்துவர்கள் பார்த்து, நோய் எந்தக் கட்டம் என்று குறித்தார்கள். ரத்தக்கசிவு எப்படி இருக்கும் என்று கம்ப்யூட்டருக்குத் தனியாக யாரும் சொல்லித்தரவில்லை. குறித்த படங்களைப் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டது. அந்தப் படங்களில் இந்தியக் கண் மருத்துவமனைகளில் எடுத்தவையும் உண்டு. அப்பாவைப் போன்றவர்களின் கண்கள்தான் அதற்குப் பாடம் சொல்லியிருக்கின்றன! பிறகு மதுரை அரவிந்திலும் சென்னை சங்கர நேத்ராலயாவிலும் 3,049 பேரிடம் அதைச் சோதித்து 2019இல் முடிவை வெளியிட்டார்கள். மருத்துவரிடம் அனுப்ப வேண்டிய கண்களில் அரவிந்தில் 88.9 சதவீதத்தையும் சங்கர நேத்ராலயாவில் 92.1 சதவீதத்தையும் அது சரியாகப் பிடித்தது. படம் பார்த்துச் சொல்லும் மனிதர்களோடு ஒப்பிட்டாலும் குறைவில்லாத கணக்கு. ஆனால் 'ஒன்றுமில்லை' என்று வந்தால் கண்ணில் எந்த நோயும் இல்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அது தேடியது சர்க்கரையால் வரும் கோளாறை மட்டுமே.

ஒரு வருத்தம் உண்டு. கையில் தந்த சீட்டு முழுக்க ஆங்கிலம். நான் கூட இல்லாவிட்டால் அப்பா அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்திருப்பார், அவ்வளவுதான். சில நொடியில் நோயைக் கண்டுபிடிக்கிறோம். அதை நோயாளிக்குப் புரிகிற மொழியில் ஒரு வரி எழுதித் தரக் கூடாதா? கண்டுபிடித்ததன் பயனே அவர் அடுத்த பஸ்ஸைப் பிடித்து மதுரைக்குப் போவதில்தானே இருக்கிறது.

மதுரைக்குக் கிளம்பவும் அப்பா இழுத்தடித்தார், அறுவடை முடியட்டும் என்று. அந்தப் பெண்ணே இரண்டு தடவை போன் செய்துவிட்டார். மூன்றாவது நாள் கிளம்பினோம். டாக்டர் நேரில் பார்த்து, இடது கண் விழித்திரையின் மையத்தில் வீக்கம் என்றார். கண்ணுக்குள் ஊசி. முதல் ஊசி போடும்போது என் கையை இறுக்கிப் பிடித்திருந்தார். முடிந்ததும், "எறும்பு கடிச்ச மாதிரிதான்" என்றார்.

அடுத்த ஊசிக்கு நான் ஊரில் இருக்கமாட்டேன். கிளம்புவதற்கு முன்னால் மையத்துக்குப் போய்ச் சீட்டைக் கொடுத்தேன். அதன் பின்பக்கத்தில் தேதியையும், எந்தக் கண் என்பதையும், காலையில் சாப்பிட்டுவிட்டே வரலாம் என்பதையும் அந்தப் பெண் பெரிய எழுத்தில் தமிழில் எழுதிக் கொடுத்தார்.